சந்தைக் கிணறு

கண்ணாடி துடைப்பதற்குப் பழைய செய்தித்தாளைவிட நல்லது எதுவும் இல்லை. துணியால் துடைத்தால் நூல் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணி என்றால் கோடு கோடாகக் காய்ந்து நிற்கும். செய்தித்தாளைக் கசக்கி, கண்ணாடியில் லேசாக ஊதிவிட்டு, வட்டமாகச் சுற்றாமல் மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். அந்தப் படத்தின் கண்ணாடி ஏன் அவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டாராம். நான் தினமும் துடைத்தேன், அதனால்தான். என் கணவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று துடைத்தேன்.

நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் கோர்ட்டில் தட்டச்சராக இருந்தவள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை அடுத்தவர்களின் வாக்குமூலங்களைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசிப் பேருக்குக் கோவையாகப் பேச வராது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வார்கள், அழுவார்கள், பாதியில் தண்ணீர் கேட்பார்கள். நீதிபதி கொடுக்கச் சொல்வார். அவர்கள் குடித்து முடிக்கும்வரை நான் விரல்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். உங்களுக்கு அந்தச் சிரமம் இருக்காது. நான் வரிசையாகச் சொல்கிறேன்.

என் கணவர் பழைய படங்கள் விற்றவர். வீட்டின் முன்னறைதான் கடை. நிலப்படங்கள், கப்பல்கள், பறவைகள், செத்துப்போன தளபதிகள் எல்லாம் அங்கே கிடைக்கும். தெருவில் அவரைப் படக்கடைக்காரர் என்பார்கள். என்னைப் படக்கடைக்காரர் வீட்டம்மா என்பார்கள். அது என் அப்பா எனக்குக் கொடுத்த வீடு. அதைப் போய் யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது, விட்டுவிட்டேன்.

கடையில் இருந்ததை எல்லாம் அவர் விற்பார், அந்தச் சந்தைப் படத்தைத் தவிர. கல்யாணத்துக்கு முன்பே ஏதோ ஏலத்தில் எடுத்திருக்கிறார். டச்சுக்காரர்களின் நகரம் ஒன்றில் சந்தை கூடியிருக்கிற காட்சி. செப்புத் தகட்டில் கூரான உளியால் கோடு கோடாகக் கீறி, மையைத் தேய்த்து, காகிதத்தில் அழுத்தி எடுத்தது. வண்ணமே கிடையாது. இரண்டு தாள்களைச் சேர்த்து ஒட்டிய பெரிய படம், எங்கள் சாப்பாட்டு மேசை அகலம் இருக்கும். சுற்றிலும் ஒல்லியான, உயரமான வீடுகள். பின்னால் ஒரு மணிக்கூண்டு. சதுக்கத்தின் நடுவில் கல்சுவர் வைத்த கிணறு. அதைச் சுற்றிலும் மீன்காரிகள், ரொட்டிக்காரன், கோழிக்கூண்டுகள், மேடை போட்டுக் கூட்டத்துக்கு நடுவே பல் பிடுங்குகிறவன். இடது ஓரத்தில், பீப்பாய்களுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி ஒருவன் ஒதுங்கி நிற்கிறான். என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைக்கு வந்தவர்களிடம் அவனைக் காட்டினால் எல்லோரும் சிரிப்பார்கள். அதனால் அவனைக் கடைசியில்தான் காட்டுவார்.

ஒவ்வொருவருக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தார். ரொட்டிக்காரன் தொப்பையன். மீன்காரிகளில் வாயைத் திறந்து கத்துகிறவள் நாக்குக்காரி. மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கும் சின்னப் பெண்ணுக்கு எங்கள் மகளின் செல்லப் பெயர், குட்டி. வந்தவர்கள் வாங்குகிறார்களோ இல்லையோ, இந்தச் சந்தையைச் சுற்றிக் காட்டாமல் அனுப்ப மாட்டார். அப்போது அவர் குரலே வேறு மாதிரி இருக்கும். சிரிப்பு வரும், கிண்டல் வரும், நாக்குக்காரி எப்படித் திட்டுவாள் என்று நடித்தே காட்டுவார். கடைக்கும் சமையலறைக்கும் நடுவில் தொங்கிய திரைக்கு இந்தப் பக்கம் நான் காய் நறுக்கிக்கொண்டு கேட்பேன். எனக்கு அந்தச் சந்தை மனப்பாடம். ஆனால் யாரும் எனக்கு அதைச் சுற்றிக் காட்டியதில்லை.

அவர் கெட்டவர் என்று நான் சொன்னதாக எழுதிவிடாதீர்கள். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, வேறு பெண் பக்கம் போனதில்லை. என்னிடம் பேசினதில்லை, அவ்வளவுதான். "சாப்பாடு ஆச்சா", "விளக்கை அணை", "யாரோ கூப்பிடுறாங்க பாரு". இப்படியே எங்கள் காலம் போய்விட்டது. ஒரு தடவை இடுப்புவரை இருந்த தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தேன். ஏன் வெட்டினேன் என்று இப்போது நினைவில்லை. கோபமாகக்கூட இருக்கலாம். பல நாள் கழித்து, குளியலறையிலிருந்து வந்தவர், "சீப்பு புதுசா?" என்று கேட்டார்.

எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தார். வரவில்லை என்று சொல்ல முடியாது. பக்கத்துப் படுக்கைக்காரியின் மாமனார் படங்களில் ஆர்வமுள்ளவர் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. பார்வையாளர் நேரம் முடியும்வரை அவரோடு உட்கார்ந்து வாயாலேயே சந்தையைச் சுற்றிக் காட்டிவிட்டு, போகும்போது என் கால்மாட்டில் நின்று, "வரட்டுமா" என்றார். வாங்க என்றேன்.

இதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை. கோர்ட்டில் இதற்குப் பின்னணி என்று பெயர். கேட்பார்கள் என்பதால் சொன்னேன்.

கடையிலேயே விழுந்தார். ஒரு பறவைப் படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார் என்று எதிரில் நின்றவர் சொன்னார். மூளையில் அடைப்பு. பிழைத்தார். ஆனால் கை, கால், கழுத்து, நாக்கு எதுவும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. கண்கள் மட்டும் அசைந்தன. மேலே, கீழே, பக்கவாட்டில். இமையை மூடித் திறப்பார். தலையை உயர்த்தி வைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தால் மெதுவாக விழுங்குவார். உள்ளே எல்லாம் புரிகிறதா என்று டாக்டரிடம் கேட்டேன். "இப்ப சொல்ல முடியாதும்மா. பாப்போம்" என்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டில் உள்ளறை வாசலில் நுழையவில்லை. அதனால் கடை அறையிலேயே போட்டோம். சரக்கை எல்லாம் மகள் யாரோ ஒரு வியாபாரிக்கு மொத்தமாகக் கொடுத்து அனுப்பிவிட்டாள். சந்தைப் படத்தை மட்டும் எதிர்ச்சுவரில் அப்படியே விட்டோம். அவள் தன் ஊருக்குத் திரும்பினாள். அவளுக்கும் வேலை, பிள்ளைகள் என்று இருக்கிறது. நாங்கள் இருவரும் இருந்தோம்.

ஒரு நாள் வெயில் நேரம். அவர் கண் படத்தின் நடுவுக்குப் போனது, கரண்டியும் கிண்ணமும் இருந்த மேசைக்கு வந்தது, மறுபடி படத்தின் நடுவுக்குப் போனது. கிணறு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஐயா. "தண்ணியா?" என்று கேட்டேன். இமையை அழுத்தி மூடித் திறந்தார். கொடுத்தேன். குடித்தார். அவர் என்னிடம் ஒன்று கேட்டு, அதை நான் புரிந்துகொண்டு கொடுத்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பசித்தால் தொப்பையன். வலித்தால் பல் பிடுங்குகிறவன். எத்தனை மணி என்று தெரிய வேண்டுமென்றால் மணிக்கூண்டு. மகளைக் கேட்டால் மாடி ஜன்னல். பீப்பாய்க்குப் பின்னால் ஒதுங்கியவனை அவர் முதல் தடவை பார்த்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் கண்ணிலும் சிரிப்பு வந்தது. படுக்கை நனைவதற்குள் பாத்திரத்தை வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி வேலி ஓரம் நின்று, "எப்படிம்மா தனியா சமாளிக்கிற" என்று பரிதாபப்பட்டாள். எனக்கு அவளைப் பார்த்தால்தான் பரிதாபமாக இருந்தது. நாங்கள் குடும்பம் நடத்தியது என்றால் அந்தக் கொஞ்ச காலம்தான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வருவாள். நல்ல பெண். எழுத்துகள் எழுதிய பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவாள். "அம்மா, இவர் எதையாவது குறிப்பா பாக்கிறாரா? கண்ணாலயே எழுத்தைக் காட்டிப் பேச வைக்கலாம். இவரை மாதிரி எத்தனையோ பேரைப் பழக்கியிருக்கேன்" என்றாள்.

"இல்லம்மா. சும்மா சுவத்தை வெறிச்சுப் பாத்துக்கிட்டே கிடக்கிறார்" என்றேன்.

அவள் வருவது காலையில். இரவில் தூங்குவதற்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை அந்தக் காலைகளில் மட்டும் கொஞ்சம் முன்கூட்டிக் கொடுத்துவிடுவேன். அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பாள். அவர் இமை பாதி மூடியபடி இருக்கும். சில வாரங்களுக்குப் பிறகு அவளே சோர்ந்துபோய், "உள்ள ஒண்ணும் போகலை போலிருக்கும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள். எழுத்து வந்துவிட்டால் அவர் எல்லோரோடும் பேசுவார். பழைய வாடிக்கையாளர்கள் வருவார்கள், நாற்காலி போட்டு உட்காருவார்கள், எழுத்து எழுத்தாகச் சந்தையைச் சுற்றிக் காட்டுவார். நான் திரைக்கு இந்தப் பக்கம் போய்விடுவேன். கைக்கு வந்ததை யாராவது தூக்கிக் கொடுப்பார்களா.

மகள் ஒரு தடவை வந்தாள். வந்ததுமே அவர் கண் மாடி ஜன்னலுக்குப் போனது. போய் அங்கேயே நின்றது. கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அவள் துடைத்துவிட்டுத் திரும்பிப் படத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த படம்தானே.

"அம்மா, அப்பா குட்டியைத்தான் பாக்கிறார்."

"கண்ணு தானா அலையும்னு டாக்டர் சொன்னார்மா. நீயா எதையாவது நினைச்சுக்கிட்டு மனசைக் கெடுத்துக்காதே."

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவள் நம்பினாள். அம்மா சொன்னால் நம்புகிற பெண்ணாகத்தான் வளர்த்திருந்தேன். அவள் இருந்த நாள் முழுக்க அவர் பல் பிடுங்குகிறவனையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் வலி. மல்லாத்திப் போட்டு நேரமாகிவிட்டது. எனக்குத் தெரியும். அவள் எதிரில் நான் அதைப் புரிந்துகொண்டதாகக் காட்ட முடியாதல்லவா. சாயங்காலம் அவள் வண்டி ஏறியதும் திருப்பிப் படுக்கவைத்து முதுகைத் தேய்த்துவிட்டேன். "என்கிட்ட கேட்டா போதாதா?" என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆமாம் என்று மூடியதல்ல. மூடியது மூடியபடியே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பசிக்குமா, வலிக்குமா, ஒன்றும் கேட்பதில்லை. நானாகக் கொடுத்தால் விழுங்குவார். பழைய காலம் திரும்பி வந்துவிட்டது போல இருந்தது. என்னைத் தண்டிக்கிறார் என்று புரிந்தது. சரி என்று நானும் படத்தைக் கழற்றிக்கொண்டு போய்ச் சமையலறையில் சாத்தி வைத்தேன். துடைக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். சொல்லாமல் செய்யவில்லை.

வெறும் சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அவர் கண் அந்த வெளுப்பில் எங்கெங்கோ ஓடியது. இல்லாத கிணற்றைப் பார்த்தார், இல்லாத ஜன்னலைப் பார்த்தார். சரியான இடத்தில்தான் பார்த்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் புரியாத மாதிரி நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் அவர் அழத் தொடங்கினார். சத்தம் வராது, தொண்டையில் ஏதோ கரகரக்கும். அப்புறம் படத்தைக் கொண்டுவந்து மாட்டினேன். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்தார். நேராக, முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் நீங்கள் தப்பாக நினைப்பீர்கள். பிடித்திருந்தது.

அது நீடிக்கவில்லை. மறுபடி சந்தைதான். கிணறு, தொப்பையன், பீப்பாய். நான் ஓடி ஓடிச் செய்தேன். செய்துகொண்டே ஒரு விஷயம் மனதில் அரிக்கத் தொடங்கியது. அந்தப் படத்தில் மகளுக்கு ஆள் இருக்கிறது. டாக்டருக்கு ஆள் இருக்கிறது, பல் பிடுங்குகிறவனின் கூட்டத்தில் நிற்கும் தொப்பிக்காரன். பக்கத்து வீட்டுக்காரி வந்துபோனால் நாக்குக்காரியைப் பார்ப்பார். நான்தான் இல்லை. என்னைக் கூப்பிட அவர் யாரையும் பார்த்ததே கிடையாது. காத்திருந்து பார்த்தேன். முதுகு காட்டிக்கொண்டு சுமை தூக்கிப் போகிற ஒருத்தி இருக்கிறாள். அவளையாவது பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் சூப் கொடுத்து முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, கேட்டே விட்டேன்.

"இதில நான் யாருங்க?"

அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கண் படத்துக்குப் போனது. வேறு எங்கும் அலையவில்லை. நேராகக் கிணற்றில் போய் நின்றது.

தண்ணீர்.

நான் என்ன கேட்கிறேன், அவர் என்ன சொல்கிறார் பாருங்கள். அப்போதும் எழுந்து போய்க் கொண்டுவந்தேன். கரண்டியை உதட்டில் வைத்தேன். விழுங்கவில்லை. தண்ணீர் தாடையில் வழிந்து கழுத்துக்குப் போனது. என்னைப் பார்த்தார், மறுபடி கிணற்றைப் பார்த்தார். இன்னொரு கரண்டி கொடுத்தேன். அதையும் வழியவிட்டார். என்னை, கிணற்றை, என்னை, கிணற்றை. இமையை அழுத்தி அழுத்தி மூடித் திறந்தார். வயதான காலத்தில் இப்படி ஒரு கேலி. தண்ணீர் கேட்பது, கொடுத்தால் துப்புவது, வேலைக்காரியை ஓடவிட்டுப் பார்ப்பது மாதிரி.

தலையணையை மாற்றினேன். நனைந்த சட்டையை மாற்றினேன். பதற்றம் எதுவும் இல்லை. ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் அவர் தண்ணீரைச் சந்தையிடம் கேட்கக் கூடாது, என்னிடம் கேட்க வேண்டும். கிணற்றைப் பார்த்தால் கிடையாது. என்னைப் பார்த்தால் உண்டு. இதை அவரிடம் தெளிவாகச் சொன்னேன். "உங்களுக்குக் குடுக்கிறது கிணறு இல்லீங்க, நான். தாகம்னா என்னைப் பாருங்க" என்றேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணீர் இல்லாமல் அவரால் எதையும் விழுங்க முடியாது. அதனால் சாப்பாடும் தானாக நின்றது. அதை நான் தனியாக முடிவு செய்யவில்லை. வாரம் ஒரு தடவை வருகிற நர்ஸுக்குப் போன் செய்து, மகள் வந்திருக்கிறாள், இந்தத் தடவை வர வேண்டாம் என்றேன். மகள் போன் செய்தபோது, "அப்பா அமைதியா இருக்கார்" என்றேன். அமைதியாகத்தான் இருந்தார்.

மற்றதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. வேளைக்கு வேளை திருப்பிப் படுக்கவைத்தேன், உடம்பு துடைத்தேன், தினம் விரிப்பை மாற்றினேன். படுக்கைப்புண் ஒன்றுகூட இல்லை என்று டாக்டரே எழுதியிருப்பார், பாருங்கள். கண்ணாடியைத் துடைத்தேன் என்று முதலிலேயே சொன்னேன்.

அவர் கிணற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்தது. நாக்கு மரக்கட்டை மாதிரி ஆனது. கண் உள்ளே போனது. ஆனாலும் பார்வை அங்கேதான். பிடிவாதக்காரர். அந்தக் கல்சுவரையும் வாளியையும் கீறியவன் யாரோ, எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் செத்துப்போனவன். அவனிடம் கெஞ்சுவார், பக்கத்தில் இருக்கும் என்னிடம் கெஞ்ச மாட்டார். கடைசியில் ஒரு பிற்பகலில் அசைவு நின்றது. கண் திறந்தே இருந்தது. நான்தான் மூடினேன்.

டாக்டர் வந்து வாயைத் திறந்து பார்த்தார். புறங்கைத் தோலைக் கிள்ளினார். அது கிள்ளியபடியே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கடைசியா எப்ப தண்ணி குடுத்தீங்க?"

"அவர் கேக்கலை, டாக்டர்" என்றேன்.

அவர் இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போடாமல் வெளியே போய் உங்களுக்குப் போன் செய்தார். அதில் அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் கடமை.

டாக்டருக்கு முன்பே மகளுக்குத்தான் சொன்னேன், அதனால் அவள் உங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது. கண் பாஷையைச் சொன்னேன், பயிற்சிக்காரப் பெண்ணுக்குக் காபி கொடுத்து அனுப்பியதைச் சொன்னேன், நான் யார் என்று கேட்டதையும் அவர் செய்த கேலியையும் சொன்னேன். அவள் அழுதுகொண்டிருந்தவள், அந்த இடத்தில் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"அப்பா எதைப் பாத்தார்னு சொன்ன?"

"கிணத்தை."

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"நீ கோர்ட்டுக்குப் போனதும் அப்பா என்னைத் தூக்கி வச்சுக்கிட்டு இந்தப் படத்தைக் காட்டுவார். எல்லாருக்கும் பேர் சொல்லுவார். அம்மா எங்கப்பான்னு கேட்டா கிணத்தைக் காட்டுவார். இத்தனை பேரும் கத்துறாங்களே, ஒருத்தனாவது கிணத்தைத் திரும்பிப் பாக்கிறானா பாரு, அது இல்லேன்னா இங்க சந்தையே கிடையாது, அதான் உங்க அம்மா, அப்படிம்பார். நீ கேட்டதுக்குத்தாம்மா அவர் பதில் சொல்லியிருக்கார்."

அவள் சொன்னதை நீங்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பீர்கள். நான் அதை நம்பவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். செத்துப்போன அப்பாவைப் பெண்பிள்ளைகள் நல்லவராக்கிவிடுவார்கள், கோர்ட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். என்னை நோகடிக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறாள். உண்மையாகவே அவர் மனதில் அப்படி ஒன்று இருந்திருந்தால் என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்க மாட்டாரா. நாக்கு இருந்த காலத்தில் எவ்வளவு பேசினார். வழியில் போகிறவனை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். தாகம்தான் அது. தாகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம். என் கணவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருந்தது நான்தான். அவருக்குத் தாகம் என்று எனக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் செத்துப்போவார் என்றும் தெரியும். கை தவறியோ, களைப்பிலோ, மறந்தோ நடந்ததல்ல. இதற்கு வக்கீல் வைத்து வேறு அர்த்தம் சொல்லப்போவதில்லை.

அந்த நாட்களில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டீர்கள். அவர் பக்கத்திலேயே இருந்தேன். மளிகைக் கடைக்குக்கூடப் போகவில்லை. நாற்காலியை அவர் தலைமாட்டில், சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் அவர் இமை அசைவதும் கண் எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரியும், எதிரில் படமும் தெரியும். கையில் டம்ளர் இருந்தது. காலையில் நிரப்பினால் சாயங்காலம் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவேன். தேங்கிய தண்ணீரைக் கொடுக்கக் கூடாது.

உடம்பு துடைக்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லையா என்று கேட்டீர்கள். பார்த்தார். குனிந்து துடைக்கையில் முகம் குறுக்கே வந்தால் யாராக இருந்தாலும் பார்க்கத்தான் செய்வார்கள். கண்ணை எடுக்காமல் பார்த்தார், இமையைக்கூட மூடித் திறந்தார். அதை நான் சேர்த்துக்கொள்ளவில்லை. அவராக என்னைத் தேட வேண்டும் அல்லவா. அதற்காகத்தானே டம்ளரோடு அங்கே காத்திருந்தேன்.

ஒரே ஒரு தடவை, தலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.